கேட்கிறது, ஆனால் பேச முடியவில்லை: ஒரு ஃபைபர் படகுக்கு ஆன்டெனா மாற்றிய நிகழ்வு ஆய்வு

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில், ஒரு ஃபைபர் படகின் வயர்லெஸ் செட்டுக்கு ஆன்டெனா மாற்றிய வேலையின் பதிவு இது. படகுக்காரர், அவர் மகன், மச்சான் மூவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள். நான் செட் ரிப்பேர் பார்ப்பவன், கடலுக்குப் போகிறவன் இல்லை. அதனால் கடலில் நடந்ததை அவர்கள் சொன்னபடியும், கரையில் நான் அளந்து பார்த்ததை என் நோட்டில் உள்ளபடியும் எழுதுகிறேன்.

பின்னணி

படகு 28 அடி நீளம், லாங்டெயில் (நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும்) டீசல் எஞ்சின், நாலு பேர் போவார்கள், செவுள்வலைத் தொழில். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி ஏழெட்டு கடல் மைல் போய் வலை விட்டு, பதினொரு மணிவாக்கில் கரைக்கு வந்துவிடுவார்கள். எஞ்சின் கைப்பிடி சுற்றி ஸ்டார்ட் செய்வது, அதில் பேட்டரி சார்ஜ் ஆகும் வசதி கிடையாது. 12 வோல்ட் பேட்டரியை தினமும் வீட்டுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் போட்டு எடுத்து வருவார்கள். அதிலிருந்துதான் ஜிபிஎஸ், ஒரு விளக்கு, 25 வாட் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் எல்லாம் ஓடும்.

செட் வாங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. செட் நல்ல செட்தான். ஆன்டெனா மட்டும் வேறொரு படகில் கழற்றிப்போட்டது, அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கம்பி ஆன்டெனா. அதன் கேபிள் நீளம் பற்றாமல் டிவி கேபிளை வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். நாலு வருஷமாக இதை வைத்துத்தான் பேசினார்கள், யாருக்கும் குறை தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. விசைப்படகுகள் கடலில் இருக்கும் நாட்களில், இந்தப் படகு பேசுவதைப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு விசைப்படகு கேட்டுக் கரைக்குச் சொல்லிவிடும். வீல்ஹவுசுக்கு (படகை ஓட்டும் அறைக்கு) மேலே உயரத்தில் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். அப்படிச் சொல்லிச் சொல்லியே நாலு வருஷம் ஓடியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். கடலில் ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் மட்டும்தான். இடையில் ஆள் இல்லாத அந்த மாதங்களில்தான் இந்த செட்டின் உண்மையான தூரம் தெரிந்தது.

அன்றைக்கு நடந்தது

மே மாதக் கடைசி. கரையிலிருந்து எட்டு கடல் மைலில், காலை எட்டரை மணிக்கு லாங்டெயில் ஷாஃப்ட் முறிந்தது. சோழகக் காற்று நன்றாக எழும்பியிருந்தது, நீவாடு (கடல் நீரோட்டம்) வடக்கே இழுத்தது. நங்கூரம் போட்டார்கள், சேற்றில் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. மொபைலில் சிக்னல் இல்லை. வயர்லெஸ்ஸை எடுத்துக் கரையைக் கூப்பிட்டார்கள்.

ஊர்ப் பொதுக்கட்டடத்தில் ஒரு செட் இருக்கிறது, அதன் ஆன்டெனா மாடிக்கு மேலே குழாய் நட்டு, தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே இருந்தவர் காதில் விழுந்தது "கர்ர்" என்ற சத்தம் மட்டும். "யாரு பேசுறது, தெளிவா சொல்லுங்க" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது படகில் இருந்த நாலு பேருக்கும் சுத்தமாகக் கேட்டிருக்கிறது. படகுக்காரர் பின்னால் என்னிடம் சொன்னது இது: "தம்பி, அவங்க பேசுறது எங்களுக்கு வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசுற மாதிரி கேக்குது. நாங்க கத்துறது யாருக்கும் கேக்கல. அந்த மாதிரி ஒரு நேரத்த நான் பார்த்தது இல்ல."

செட்டில் ஆபத்து அழைப்பு அனுப்புவதற்கென்று இருக்கும் சிவப்புப் பொத்தானையும் அழுத்தினார்கள். திரையில் ஏதோ எண் கேட்டது, வேறொன்றும் நடக்கவில்லை.

பதினொன்றரைக்கும் படகு வரவில்லை என்றதும் மகன் மற்ற படகுக்காரர்களைக் கிளப்பினார். இரண்டு மணிக்குக் கடலோரக் காவல் படையின் 1554-க்குப் போன் போட்டார். ஆனால் படகு எங்கே இருக்கிறது என்று சொல்ல யாரிடமும் விவரம் இல்லை. காலையில் எந்தத் திசையில் வலை விடப் போனார்கள் என்பது மட்டும்தான் தெரியும். நாலரை மணிக்கு, தேடிப் போன ஃபைபர் படகு ஒன்று இரண்டு மைல் பக்கத்தில் வந்தபோது அவர்கள் குரலைப் பிடித்துவிட்டது. அதற்குள் வடக்கே காரைக்கால் பக்கமாக ஐந்து மைல் போயிருந்தார்கள். நாலு பேரும் நல்லபடியாகக் கரை சேர்ந்தார்கள். கொண்டுபோன தண்ணீர் மதியத்தோடு தீர்ந்திருந்தது.

எட்டு மணி நேரம் ஜிபிஎஸ்ஸில் தங்கள் இடத்தின் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அதைக் கரைக்குச் சொல்ல வழியில்லாமல். இந்த ஒன்றுதான் என்னை இந்த வேலையில் உட்கார வைத்தது.

படகில் ஏறிப் பார்த்தபோது

இரண்டு நாள் கழித்து மணலில் ஏற்றி வைத்திருந்த படகில் பார்த்தேன். ஒரு குறை இருக்கும் என்று போனேன், ஐந்து இருந்தது.

முதலில் கம்பி. வி.எச்.எஃப். கடல் செட்டுகள் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவை, அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 1.9 மீட்டர். இவர்களிடம் இருந்தது அதில் கால் பங்கு நீளக் கம்பி, சுமார் 48 சென்டிமீட்டர். கால் அலைக் கம்பி தனியாக வேலை செய்யாது, அதற்கு அடியில் ஒரு உலோகத் தளம் வேண்டும். கார் கூரை மேலேயோ, இரும்புப் படகின் மேல்தளத்திலோ வைத்தால் அந்தத் தகடே மீதிப் பாதி ஆன்டெனா மாதிரி வேலை பார்க்கும். ஃபைபர் படகில் அப்படி எதுவும் இல்லை. பிளாஸ்டிக் பலகை மேலே கம்பியை நட்டுவைத்தால் அது பாதி ஆன்டெனா, அவ்வளவுதான். முதலில் எந்தப் படகில் இருந்தது என்று விசாரித்தேன், இரும்பு வீல்ஹவுஸ் கொண்ட படகு. அங்கே அது நன்றாகத்தான் வேலை செய்திருக்கும்.

இரண்டாவது, வலை இழுக்கும்போது தடுக்கிறது என்று கம்பியைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள், கிட்டத்தட்ட படுத்த மாதிரி. கடலில் எல்லோருடைய ஆன்டெனாவும் செங்குத்தாக நிற்கும். ஒன்று மட்டும் படுத்தால் அதன் சக்தியில் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் போய்ச் சேராது.

மூன்றாவது கேபிள். ஒட்டுப் போட்ட இடத்தில் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தேன், உள்ளே பசை இளகிக் கையெல்லாம் ஒட்டியது. மேலுறையை பிளேடால் நீளவாக்கில் கீறித் திறந்தபோது, செம்பு நிறத்தில் மின்ன வேண்டிய பின்னல் கறுத்துப்போய், விரல் வைத்தால் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஒரு கை நீளத்துக்கு மேலே போய் வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. இன்னொரு கை நீளம், அப்போதும் கறுப்பு. வெட்டிய முனையைக் கீழே தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டு தண்ணீர் திரண்டு விழுந்தது. மகன் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு" என்றார். பின்னல் கம்பிகளுக்கு இடையிலான சந்து வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல உப்புத்தண்ணீர் மீட்டர் கணக்கில் உள்ளே ஏறியிருக்கிறது. ஒட்டுக்குப் பயன்படுத்திய டிவி கேபிள் 75 ஓம், செட்டுக்கு வேண்டியது 50 ஓம். அது ஒரு குறைதான் என்றாலும் இந்தத் தண்ணீருக்கு முன்னால் சின்ன விஷயம்.

நாலாவது, செட்டின் பின்னால் செருகும் பிளக். நடு ஊசியில் ஈயம் சரியாகப் பிடிக்காமல் சாம்பல் நிறமாகத் திரண்டு நின்றது. மெதுவாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

ஐந்தாவதாக வந்ததுதான் "கேட்கிறது, பேச முடியவில்லை" என்பதற்கு விடை சொன்னது. ஆன்டெனாவும் கேபிளும் கெட்டால் கேட்பதும் பேசுவதும் இரண்டும் ஒன்றுபோலக் குறைய வேண்டும். பேசுவது மட்டும் செத்துப்போகிறது என்றால் செட்டிலிருந்து சக்தியே வெளியே போகவில்லை என்று அர்த்தம். பேட்டரி முனையில் மீட்டர் வைத்தேன், 12.4 வோல்ட். செட் பக்கம் வைத்து மைக்கை அழுத்தச் சொன்னேன், 10.9-க்கு விழுந்தது. பேட்டரியிலிருந்து செட்டுக்கு நாலு மீட்டர் தூரத்துக்கு, வீட்டில் காலிங் பெல்லுக்குப் போடுகிற மாதிரி மெல்லிய வயர் போட்டிருந்தார்கள், நடுவில் முறுக்கி விட்ட ஒரு இணைப்பு வேறு. 25 வாட்டில் பேசும்போது செட் ஐந்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கேட்கும்போது இழுப்பது மிகக் குறைவு என்பதால் அப்போது வோல்ட் விழாது. அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 3-க்கு மேலே முள் போனது, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 3 என்றாலே அனுப்புவதில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். அவ்வளவு திரும்பி வந்தால் செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆக வோல்ட் இறக்கம் ஒரு பக்கம், இந்தக் குறைப்பு இன்னொரு பக்கம். இது போதாதென்று, ஊருக்குள் இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு என்று ரேடியோ இரைச்சல் நிறைய, கடலில் அந்த இரைச்சல் கிடையாது. மெலிந்துபோன சத்தத்தைப் படகு கேட்டுவிடும், கரை கேட்காது.

சிவப்புப் பொத்தான் விஷயம் தனி. அந்தப் பொத்தான் வேலை செய்ய, படகுக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒன்பது இலக்க எண்ணைச் செட்டில் பதிந்திருக்க வேண்டும். பதியவே இல்லை. நாலு வருஷமாக அந்தப் பொத்தானை நம்பித்தான் நாலு குடும்பங்கள் தைரியமாக இருந்திருக்கின்றன.

எந்த ஆன்டெனா

இங்கேதான் வாக்குவாதம் நடந்தது. மச்சான் விசைப்படகில் போகிறவர். அவர் சொன்னார்: "எங்க போட்ல எட்டு அடி ஆன்டெனா போட்டிருக்கோம் மாமா, பன்னெண்டு பதிமூணு மைல் பேசுறோம். அதையே வாங்கிப் போட்டுருங்க." எட்டு அடி என்பது 2.4 மீட்டர், வெள்ளை ஃபைபர் குச்சி, பெட்டியில் 6 டிபி என்று போட்டிருக்கும், டிபி என்பது ஆன்டெனா சக்தியை எவ்வளவு நெருக்கி அனுப்புகிறது என்பதன் அளவு. ஒரு மீட்டர் ஸ்டீல் கம்பிக்கு 3 டிபி. ஐந்து மீட்டருக்கு மேலே போகிற 9 டிபி ஆன்டெனாவும் உண்டு, இந்தப் படகில் அதை நிறுத்த இடமே இல்லை, அதனால் அதைப் பேசவேயில்லை.

6 என்பது 3-ஐ விடப் பெரிய எண், கடையில் நிற்கும்போது கை அதற்குத்தான் போகும். ஆனால் ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. இருக்கிற சக்தியைப் பரப்புகிற விதம்தான் மாறுகிறது. 3 டிபி ஆன்டெனா மேலும் கீழுமாக ஏறத்தாழ 80 டிகிரி அகலத்துக்குப் பரப்பும். 6 டிபி அதை 35 டிகிரிக்குள் நெருக்கி, நேராகத் தொடுவானத்தை நோக்கி அனுப்பும். விசைப்படகு கனமானது, ஆட்டம் மெதுவாக, குறைவாக இருக்கும், அங்கே நெருக்கி அனுப்புவது லாபம். 28 அடி ஃபைபர் படகு சோழகக் காற்றில் ஒவ்வொரு அலைக்கும் இருபது டிகிரி சாய்ந்து நிமிரும். நெருக்கின கற்றை ஒரு நொடி வானத்துக்கும் அடுத்த நொடி தண்ணீருக்கும் போகும். எஞ்சின் நின்று, படகு அலைக்குப் பக்கவாட்டில் விழுந்து கிடக்கும்போது ஆட்டம் இன்னும் அதிகம். ஆபத்தில் பேசுவது அந்த நேரத்தில்தானே.

அப்புறம் உயரம். மச்சான் படகில் தூரம் பேச முடிவதற்குக் காரணம் எட்டு அடி மட்டும் இல்லை, அந்த எட்டு அடி நிற்கிற வீல்ஹவுஸ் உயரமும்தான். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய கண் பார்வை போகிற வழியிலேயே போகும், பூமியின் வளைவு மறைத்தால் முடிந்தது. கணக்கு எளிது: கடல் மட்டத்திலிருந்து ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். கரை ஆன்டெனா 12 மீட்டர், அதற்கு 14.3 கிலோமீட்டர். பழைய கம்பி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தது, அதற்கு 5. மொத்தம் 19.3 கிலோமீட்டர், பத்து கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது அன்றைக்கு எட்டு மைலில் பேச்சு எட்டியிருக்க வேண்டும், உயரம் அதைத் தடுக்கவில்லை, கேபிளும் வயரும் கம்பியும்தான் தின்றுவிட்டன. ஆனால் பத்து மைல் என்பது விளிம்பு, விளிம்பில் எந்தக் குறையையும் தாங்காது. சில நாள் காற்று அடுக்குகளின் நிலையால் நாற்பது மைல் தாண்டியும் கேட்கும், அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

முடிவு இப்படி வந்தது: ஒரு மீட்டர் அரை அலை ஆன்டெனா, உலோகத் தளம் தேவைப்படாத வகை, அதை 2.7 மீட்டர் குழாயின் உச்சியில் வைப்பது. ஆன்டெனாவின் நடுப்பகுதி கடல் மட்டத்திலிருந்து நாலு மீட்டர் வரும். கணக்கில் 22.5 கிலோமீட்டர், பன்னிரண்டு கடல் மைல். எட்டு அடி ஆன்டெனாவை அதே குழாய் உச்சியில் வைக்க முடியாதா என்று மச்சான் கேட்டார். வைக்கலாம், முதல் பெரிய அலையில் குழாயின் அடியே பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

குழாயை எங்கே நடுவது என்பதைப் படகுக்காரர்தான் தீர்மானித்தார், அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. வலை விடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், பின்பக்கமாக, எஞ்சின்காரர் கைக்கு எட்டும் இடத்தில். இந்தக் கரையில் படகை அலையைக் கடந்து மணலில் ஏற்றி டிராக்டர் வைத்து இழுக்க வேண்டும், அதனால் குழாய் படுக்க வேண்டும். அடியில் கீல் வைத்து, ஒரு ஆணியைப் பிடுங்கினால் பின்னோக்கிப் படுக்கிற மாதிரி வெல்டரிடம் செய்து வாங்கினார்கள். நிறுத்திக் கட்ட இரண்டு பக்கமும் நைலான் கயிறு.

கேபிளும் வயரும்

கேபிளில் மூன்று வகை கையில் இருந்தது. மெல்லிய ஆர்.ஜி-58, நடுத்தரமான ஆர்.ஜி-8எக்ஸ், தடித்த ஆர்.ஜி-213. எங்களுக்கு வேண்டியது ஆறு மீட்டர். அந்த நீளத்துக்கு 25 வாட் உள்ளே போனால் முதலாவதில் ஏறத்தாழ 19 வாட் வெளியே வரும், இரண்டாவதில் 20, மூன்றாவதில் 22. தடித்ததைப் போடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் குழாய் தினமும் இரண்டு முறை மடங்கி நிமிர வேண்டும், 213 விறைப்பானது, கீல் பக்கம் மடங்கி மடங்கி உள்ளே உடையும். இரண்டு வாட் லாபத்துக்காக அந்த ஆபத்து வேண்டாம் என்று 8எக்ஸ் போட்டேன், செம்புப் பின்னல் நன்றாக வெள்ளீயம் பூசியதாகப் பார்த்து. நடுவில் ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரே நீளம். கீல் பக்கத்தில் ஒரு கை அகல வளையம் தளர்வாக விட்டேன்.

பேட்டரி வயரை 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றி, பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்தோம். மைக்கை அழுத்தினால் 12.4 இருந்தது 12.1-க்கு மட்டும் இறங்கியது. அந்த வயருக்கான செலவு மொத்தச் செலவில் ஒரு மூலைக்கு வராது, வேலைக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. எஸ்.டபிள்யூ.ஆர். 1.3.

ஒன்பது இலக்க எண்ணுக்கும் செட்டின் உரிமத்துக்கும் சேர்த்து மகன் விண்ணப்பம் போட்டார். எண் வந்த பிறகுதான் பதிய வேண்டும், ஏதாவது ஒரு எண்ணை நாமாகப் போட்டுவிடக் கூடாது. பல செட்டுகளில் ஒருமுறை பதிந்தால் மாற்ற முடியாது, ஆபத்து நேரத்தில் வேறொரு படகின் பெயரில் அழைப்பு போகும்.

கடலில் சோதனை

கரையில் மீட்டர் காட்டுவது ஒன்று, கடல் காட்டுவது இன்னொன்று. சோழகம் அடிக்கிற ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார்கள், வேண்டுமென்றே. மச்சான் மனம் ஆறட்டும் என்று அவருடைய முதலாளியிடம் எட்டு அடி ஆன்டெனாவை இரவல் வாங்கி, படகின் பக்கத்திலேயே, குழாய் இல்லாமல் நட்டோம். அதன் நடுப்பகுதி 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தது. 16-ஆம் சேனலைத் தொடவில்லை, ஊரில் வழக்கமாகப் பேசும் சேனலில்தான் பேசினோம். ஒவ்வொரு இரண்டு மைலுக்கும் நின்று ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், கரையில் நான் காதில் விழுந்த எண்களை மட்டும் எழுத வேண்டும்.

ஆறு மைல் வரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எட்டு மைலிலும் இரண்டிலும் பத்து எண்ணும் கேட்டது. பத்து மைலில் குழாய் மேலிருந்த ஒரு மீட்டர் ஆன்டெனாவில் பத்தும் கேட்டது. எட்டு அடியில் என் நோட்டில் இருப்பது இது: ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு, பத்து. நடுவில் உள்ளவை அலையோடு போய்விட்டன. பன்னிரண்டு மைலில் ஒரு மீட்டரில் இரைச்சலோடு ஏழு எண் கேட்டது, பதிமூன்றில் எதுவும் இல்லை. இதை வைத்து 3 டிபி சிறந்தது, 6 டிபி மட்டம் என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை, அது நியாயமான போட்டி இல்லை. இந்தப் படகில் இந்த இரண்டையும் எப்படி வைக்க முடியுமோ அப்படி வைத்தால் எது உதவும் என்பதுதான் எங்கள் கேள்வி, அதற்கு இது பதில்.

படகு திரும்பி வந்ததும் மச்சான் நோட்டை வாங்கிப் பார்த்தார். "சரி மாமா, இதையே வச்சுக்கங்க" என்றார்.

அதற்குப் பின்

முதல் மாதத்திலேயே ஒரு தப்பு வெளியே வந்தது. ஆன்டெனாவைக் குழாயில் பிடிக்கும் கிளாம்ப் பிளாஸ்டிக், வெயிலில் வெடித்துவிட்டது. ஸ்டீலில் மாற்றினோம். குழாயும் முதலில் ஜி.ஐ. பைப்தான், துருவும் பிடித்தது, கனமும் அதிகம், தனியாளாக நிமிர்த்த முடியவில்லை என்று எஞ்சின்காரர் சொன்னார். அதையும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாயாக மாற்றினார்கள்.

அடுத்தது என் தப்பு, நேரடியாக என் தப்பு. ஆன்டெனா அடியில் உள்ள பிளக் கிளாம்ப்பின் உள்ளே மறைவாக இருக்கிறது, மழை படாது என்று சாதாரண டேப் மட்டும் சுற்றிவிட்டேன். மூன்றாவது மாதம் மீட்டர் வைத்தபோது 1.3 இருந்த இடத்தில் 2.2 காட்டியது. கழற்றினால் உள்ளே ஈரம், வெள்ளையாக உப்பு. கடலில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் என்று அவர்கள் வாழ்க்கையில் தெரிந்ததை நான் யோசிக்கவில்லை. முனையை வெட்டிப் புதிதாக ஈயம் வைத்து, இழுத்துச் சுற்றினால் ஒன்றோடு ஒன்று உருகி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதற்கு மேலே வெயில் படாமல் சாதா டேப் சுற்றினேன். அதன் பிறகு 1.3-லேயே நிற்கிறது. இப்போது மாதம் ஒருமுறை, கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமையில், மகனே மீட்டர் வைத்து எண்ணைச் சுவரில் எழுதி வைக்கிறார்.

ஐப்பசியில் ஒருநாள் பக்கத்து ஊர் ஃபைபர் படகு ஒன்று பத்து மைலுக்கு வெளியே எஞ்சின் கோளாறில் நின்றது. அவர்கள் குரல் கரைக்கு எட்டவில்லை, மூன்று மைல் தள்ளி வலை இழுத்துக்கொண்டிருந்த இந்தப் படகுக்கு எட்டியது. ஜிபிஎஸ் எண்களை வாங்கி அப்படியே கரைக்குச் சொன்னார்கள், இரண்டு மணி நேரத்தில் வேறொரு படகு போய்க் கட்டி இழுத்து வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் படகுக்காரர் எனக்குப் போன் போட்டார், அதிகம் பேசவில்லை, "சொன்னது கேட்டுச்சு தம்பி" என்றார்.

எண் வந்து பதிந்தாயிற்று. அந்தப் பொத்தானை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை எப்படித் திறப்பது, எத்தனை நொடி அழுத்திப் பிடிப்பது என்று நாலு பேருக்கும் செட்டை அணைத்து வைத்துக் காட்டினேன்.

இன்னொரு முறை செய்தால்

வரிசையை மாற்றுவேன். முதலில் மீட்டரை எடுத்து பேட்டரி வயரையும் பிளக்கையும் பார்த்துவிட்டுத்தான் ஆன்டெனாவைப் பற்றிப் பேசுவேன். இந்தப் படகில் அதை மட்டும் சரி செய்திருந்தாலே அன்றைக்கு எட்டு மைலிலிருந்து ஏதாவது ஒரு வார்த்தை கரைக்கு வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

குழாய் முறிந்தால் என்ன செய்வது என்று நாங்கள் முதலில் யோசிக்கவேயில்லை. இப்போது பழைய கேபிளில் நல்லதாக இருந்த இரண்டு மீட்டரில் பிளக் வைத்து, ஒரு சின்ன அரை அலை ஆன்டெனாவைச் சேர்த்து, பி.வி.சி. குழாயில் போட்டு மூடி அணியத்துக்கு (படகின் முன்பகுதிக்கு) அடியில் வைத்திருக்கிறோம். தண்ணீர் புகாத 5 வாட் கைச்செட் ஒன்றும் வாங்க வேண்டும், பணம் சேர்ந்ததும் வாங்குவார்கள்.

பெரிய மாற்றம் கரையில் செய்ய வேண்டியது. இந்த ஊரில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபைபர் படகுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் குழாய் நடுவதற்கு முன்னால் கரை ஆன்டெனாவை 12 மீட்டரிலிருந்து 24 மீட்டருக்கு ஏற்றினால் அதன் பங்கு 14.3-லிருந்து 20 கிலோமீட்டருக்குப் போகும், அத்தனை படகுக்கும் ஒரே நாளில் மூன்று மைல் கூடும். கேபிள் நீளமாகும் என்பதால் அங்கே கட்டாயம் 213-ஓ அதைவிடத் தடித்ததோ போட வேண்டும், இடிதாங்கியும் வேண்டும், செட்டுக்குப் பக்கத்தில் ஓடும் இன்வெர்ட்டரை வேறு அறைக்கு மாற்ற வேண்டும். ஊர்க் கூட்டத்தில் கணக்கை எழுதி வைத்தோம். குடிநீர்த் தொட்டியின் மேலே வைக்கலாமா என்று கேட்டார்கள், ஏறி அளந்து பார்த்தேன், தொட்டியின் உச்சி 17 மீட்டர், அதற்கு மேலே ஏழு மீட்டர் குழாய் நிற்க இடம் இருக்கிறது. பஞ்சாயத்திடம் அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள், அடுத்த தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்குள் ஏற்றிவிட வேண்டும் என்று தேதி குறித்திருக்கிறார்கள்.